முதலில் யார் தண்டிப்பது?



விளையாட்டு வீரர் ஒருவர் போதைப்பொருளோடு பிடிபட்டால் அவருக்கு இரண்டு இடங்களில் விசாரணை நடக்கும். ஒன்று நீதிமன்றம். மற்றொன்று அவர் ஆடும் லீக். நீதிமன்றம் சாட்சி, வாய்தா என்று தன் போக்கில் நகரும். லீக்குக்கு அந்தப் பொறுமை கிடையாது, அடுத்த ஆட்டம் நாளைக்கே இருக்கிறது. மூன்றாவதாகவும் ஒரு விசாரணை உண்டு. அது எங்களைப் போன்ற பத்திரிகைகள் நடத்துவது. அதைக் கடைசியில் பேசலாம்.

1980 ஆகஸ்ட் 25. டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் பேஸ்பால் அணி டொரான்டோவில் ஆட வந்திருந்தது. பந்துவீச்சாளர் ஃபெர்கூசன் ஜென்கின்ஸின் பெட்டியைச் சுங்கத்துறையினர் சோதித்தார்கள். சுமார் 3 கிராம் கொக்கேனும் கொஞ்சம் ஹஷீஷும் கஞ்சாவும் இருந்ததாக வழக்குப் பதிவானது. கனடாவில் ஜென்கின்ஸ் வெறும் வெளியூர் ஆட்டக்காரர் இல்லை. ஒன்டாரியோவின் சாத்தம் ஊரில் பிறந்தவர். 1967 முதல் 1972 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள், ஆண்டுக்கு இருபது வெற்றிக்குக் குறையாமல் எடுத்தவர். இந்தச் சோதனைக்கு முந்தைய டிசம்பரில்தான் நாட்டின் உயரிய விருதான 'ஆர்டர் ஆஃப் கனடா' அவருக்கு அறிவிக்கப்பட்டிருந்தது.

பேஸ்பால் ஆணையர் பௌவி கூன் தன் பங்குக்கு விசாரணை தொடங்கினார். ஜென்கின்ஸின் வழக்கறிஞரோ, நீதிமன்றத்தில் வழக்கு நிற்கும்போது வெளியே யாரிடமும் வாய் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எந்த வழக்கறிஞரும் அதைத்தான் சொல்வார். ஜென்கின்ஸ் பதில் சொல்ல மறுத்தார். செப்டம்பர் 8 அன்று கூன் அவரை இடைநீக்கம் செய்தார். சம்பளம் உண்டு, ஆட்டம் கிடையாது.

வீரர்கள் சங்கம் எதிர்த்தது. விவகாரம் ரேமண்ட் கோட்ஸ் என்ற நடுவரிடம் போனது. இவர் மைதானத்து நடுவர் இல்லை. நிர்வாகத்துக்கும் வீரர்களுக்கும் தகராறு வந்தால் தீர்த்துவைக்க இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட பொது ஆள். செப்டம்பர் 22 அன்று அவர் இடைநீக்கத்தை ரத்து செய்தார். லீக்கிடம் பதில் சொன்னால் வழக்கில் தனக்கே ஆபத்து, சொல்லாவிட்டால் வேலையில் தண்டனை என்ற நிலையில் ஒருவரை நிறுத்துவது முறையல்ல என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். ஆணையர் ஒருவரின் தண்டனையை இப்படிப்பட்ட நடுவர் தள்ளுபடி செய்தது அதுவே முதல் முறை.

கூனை வில்லனாக்க எனக்கு மனமில்லை. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கதை அப்படி. 1919இல் பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் சிகாகோ அணி வீரர்கள் பணம் வாங்கிக்கொண்டு தோற்றதாக வழக்கு வந்தது. அந்த நெருக்கடியில் உருவானதுதான் ஆணையர் பதவி. முதலில் அதில் அமர்ந்த கென்னசா லாண்டிஸ் ஒரு ஃபெடரல் நீதிபதி. 1921 ஆகஸ்டில் ஜூரி வீரர்களை விடுதலை செய்தது. மறுநாளே லாண்டிஸ் எட்டுப் பேருக்கும் ஆயுள் தடை விதித்தார். நீதிமன்றம் என்ன சொன்னாலும் சரி, விளையாட்டின் நலனுக்கு நான் பொறுப்பு என்பதுதான் அவர் வாதம். நீதிபதியே இப்படிச் சொன்னது வேடிக்கைதான். ஆனால் அந்த வழக்கில் காயம் பட்டது ஆட்டமே. ஆட்டத்தை விற்றார்களா என்று கேட்க லீக்குக்கு முழு உரிமை உண்டு. ஜென்கின்ஸின் பெட்டிக்குள் இருந்த பொட்டலம் எந்த ஆட்டத்தின் முடிவையும் மாற்றவில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைத்ததுதான் கூன் செய்த பிழை.

1980 டிசம்பரில் ஜென்கின்ஸின் வழக்கு முடிந்தது. கொக்கேன் வைத்திருந்தது குற்றம் என்று நீதிபதி ஜெர்ரி யங் தீர்மானித்தார். ஆனால் அதுவரை ஜென்கின்ஸ் வாழ்ந்த வாழ்க்கையைக் கருதி நிபந்தனையற்ற விடுவிப்பு கொடுத்தார். கனடாச் சட்டப்படி அப்படி விடுவிக்கப்பட்டால் தண்டனையும் இல்லை, தண்டனை பெற்றவர் என்ற பெயரும் இல்லை. 1991இல் ஜென்கின்ஸ் பேஸ்பாலின் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார், முதல் கனடாக்காரராக. 'ஆர்டர் ஆஃப் கனடா'வை நேரில் வாங்கியது மட்டும் 2007இல்தான்.

எல்லோருக்கும் இப்படி அமையவில்லை. 1983இல் கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் அணியைச் சேர்ந்த வில்லி வில்சன், வில்லி ஐகென்ஸ், ஜெர்ரி மார்ட்டின் மூவரும், முன்பு அதே அணியில் இருந்த வைடா புளூவும் கொக்கேன் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். மூன்று மாதச் சிறை. வில்சன், ஐகென்ஸ், மார்ட்டின் மூவருக்கும் கூன் அதன் மேல் ஓராண்டு தடை போட்டார். அதிலும் ஒரு நடுவர் குறுக்கிட்டு, வில்சனும் மார்ட்டினும் 1984 மே 15 முதல் ஆடலாம் என்றார்.

இதில் ஐகென்ஸின் கதைதான் என்னை அதிகம் உறுத்துகிறது. அதைச் சொல்ல இன்னொரு வீரரின் மரணத்திலிருந்து தொடங்க வேண்டும். 1986 ஜூனில் லென் பயஸ் என்ற இளம் கூடைப்பந்து வீரரை பாஸ்டன் செல்டிக்ஸ் அணி தேர்வு செய்தது. இரண்டே நாளில் கொக்கேன் அவர் உயிரைக் குடித்தது. நாடே கொந்தளித்தது, அது தேர்தல் ஆண்டு வேறு. சில மாதங்களில் அமெரிக்க நாடாளுமன்றம் கடுமையான சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. 500 கிராம் தூள் கொக்கேனுக்கு என்ன குறைந்தபட்சத் தண்டனையோ, அதே ஐந்தாண்டுச் சிறை வெறும் 5 கிராம் 'கிராக்' கொக்கேனுக்கு. விளையாட்டு முடிந்து போதையில் மூழ்கிக் கிடந்த ஐகென்ஸ், மாறுவேடத்தில் வந்த போலீஸ்காரருக்கு கிராக் விற்று இந்தச் சட்டத்தில் மாட்டினார். 1994இல் அவருக்குக் கிடைத்தது இருபது ஆண்டுக்கு மேல். விதிகள் தளர்ந்த பிறகு, பதினான்கு ஆண்டு கழித்து, 2008இல் வெளியே வந்தார். 2011இல் அதே ராயல்ஸ் நிர்வாகம் அவரைப் பயிற்சியாளராக வேலைக்கு எடுத்துக்கொண்டது. ஒரு லீக் செய்யக்கூடிய நல்ல காரியம் என்றால் இதைத்தான் நான் சொல்வேன்.

இன்று விதிகள் மாறிவருகின்றன. பேஸ்பால் 2019இல் கஞ்சாவைத் தன் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. கூடைப்பந்தின் என்பிஏ 2023இல் நீக்கியது. 2022இல் கூடைப்பந்து வீராங்கனை பிரிட்னி கிரைனர் மாஸ்கோ விமான நிலையத்தில் ஒரு கிராமுக்கும் குறைவான கஞ்சா எண்ணெயோடு பிடிபட்டபோது ரஷ்ய நீதிமன்றம் ஒன்பது ஆண்டு தண்டனை விதித்தது. அவர் ஆடிய பெண்கள் கூடைப்பந்து லீக்கான டபிள்யூஎன்பிஏ அவரைக் கைவிடாமல் அந்தப் பருவத்தின் முழுச் சம்பளத்தையும் கொடுத்தது. டிசம்பரில் கைதிப் பரிமாற்றத்தில் வீடு திரும்பினார். நாற்பது ஆண்டுகளில் லீக்குகள் கொஞ்சம் கற்றுக்கொண்டிருக்கின்றன.

நாங்கள் கற்றோமா? கைதுச் செய்தி முதல் பக்கத்தில் வரும். விடுதலைச் செய்தி, வந்தால், உள்பக்கத்தில் ஓர் ஓரமாக. பத்திரிகையுலகின் பழைய வழக்கம் இது. நம் இதழில் இனி ஒரு வீரரின் கைதைப் பற்றி எழுதினால், வழக்கு முடியும் நாளில் அதே அளவு இடத்தில் தீர்ப்பையும் எழுதுவோம். எங்காவது நாங்கள் மறந்தது உங்கள் கண்ணில் பட்டால், தயங்காமல் ஒரு கடிதம் போடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்