மரம் வாடினால் மருந்துக்கு ஓடாதீர்!

காக்ஸ் டவுனில் வீடு சிறியதானாலும் காம்பவுண்டுக்குள் ஒரு மரம் வேண்டும் என்பது நம்மவர்களின் ஆசை. தென்னையோ முருங்கையோ, கொய்யாவோ வேம்போ, ஏதாவது ஒன்று. வடாற்காட்டிலும் தருமபுரியிலும் விட்டு வந்த வீட்டு வாசலை நினைவூட்டுவது அந்த மரம்தான்.

அப்படி ஆசையோடு வைத்த கன்று இரண்டு கோடை தாண்டுவதற்குள் வாடத் தொடங்கினால் வீட்டில் மூன்று விதமான பேச்சு கிளம்புகிறது. கண் பட்டுவிட்டது என்கிறார் பாட்டி. பூச்சி விழுந்துவிட்டது என்கிறார் வீட்டுக்காரர். பக்கத்து வீட்டார் ஏதோ ஊற்றிவிட்டார்கள் என்று மூன்றாவது பேச்சு; அதில் சண்டையும் வருகிறது. அடுத்தது மருந்துப் புட்டி. அதுவும் பலிக்காவிட்டால் கோடாரி.

இந்த வரிசை தவறானது. வீட்டு மரங்களில் பெரும்பாலானவை சாவது பூச்சியால் அல்ல, வேர் மூச்சு முட்டுவதால்தான். அதைச் செய்வது நாமே. ஆகவே முதலில் எடுக்க வேண்டியது மண்வெட்டி.

மண்ணா, இடிபாடா?

பெங்களூரின் செம்மண் மரத்துக்குப் பகை அல்ல. ஆனால் காக்ஸ் டவுனில் பழைய பங்களாக்களை இடித்து மாடி வீடுகள் கட்டிய மனைகளில் அந்தச் செம்மண் மேலாக இல்லை. செங்கல் துண்டு, சுண்ணாம்பு, சிமெண்ட் கட்டி இவற்றின் மேல் அரை அடி மண்ணைத் தூவித் தோட்டம் என்கிறார்கள். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொரு சோதனையும் உண்டு. மரத்துக்குச் சற்றுத் தள்ளி ஓரடி ஆழம் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் அந்த இடம் குழியல்ல, வாளி. அதில் வேர் அழுகாமல் என்ன செய்யும்?

நடும்போதே நேரும் பிழை

நர்சரியில் வாங்கிய கன்றைப் பாலிதீன் பையோடு புதைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பையைக் கிழித்தாலும், உள்ளே சுருண்டு கிடக்கும் வேரைப் பிரித்துவிடுவதில்லை. சில ஆண்டுகளில் அந்த வேரே அடிமரத்தைச் சுற்றி நெரித்துவிடுகிறது.

காற்றுக்குச் சாயக்கூடாது என்று ஆழமாக நடுவதும் தவறு. அடிமரம் வேராக விரியும் இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கையால் மண்ணை விலக்கிப் பாருங்கள். புதைந்த பட்டை ஈரத்தில் ஊறி அழுகும்.

தண்ணீர் குறைவா, மிகுதியா?

இதில்தான் ஏமாற்றம் அதிகம். தண்ணீர் போதாத மரமும் வாடும். மிஞ்சிய மரமும் வாடும். வாடிய இலையைக் கண்டதும் இன்னொரு குடம் ஊற்றுவது, மூழ்குகிறவனுக்குத் தண்ணீர் கொடுப்பது போலாகும். நான்கு விரல் ஆழம் தோண்டித் தொட்டுப் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும். இலை ஓரம் காய்ந்து மொறுமொறுப்பானால் பெரும்பாலும் தாகம். இலை மஞ்சளாகித் தளர்ந்து, மண்ணில் புளித்த வாடை அடித்தால் மிகுதி.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சம் கடுமையானபோது, குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. நியாயமான கட்டளைதான். ஆனால் அதற்கு மாற்றாகத் துணி துவைத்த சோப்புத் தண்ணீரையும், ஆர்.ஓ. இயந்திரம் தள்ளும் கழிவு நீரையும் நாள்தோறும் ஒரே மரத்துக்கு ஊற்றுவது ஆபத்து. அதில் உள்ள உப்பு மண்ணில் தங்கி இலை நுனியைக் கருக்கும். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீருக்கு அந்தக் குறை இல்லை.

சிமெண்ட் பூச்சும் பள்ளமும்

வீடு சுத்தமாக இருக்க வேண்டும் என்று அடிமரம் வரை டைல்ஸ் பதிப்பது இப்போதைய நாகரிகம். உணவு எடுக்கும் வேர்கள் பெரும்பாலும் மேல் இரண்டடி மண்ணிலேயே, கிளைகளின் நிழலையும் தாண்டிப் பரவியிருக்கும். அதற்கு மழையும் காற்றும் கிடையாது என்றால் மரம் எப்படிப் பிழைக்கும்? டெல்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தூரம் சிமெண்ட்டை அகற்ற வேண்டும் என்று 2013-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது கவனிக்கத்தக்கது.

குழாய்க்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டும்போது வேர் வெட்டுப்பட்ட மரம் உடனே சாவதில்லை. ஓராண்டோ இரண்டாண்டோ கழித்து வாடும். அதற்குள் பள்ளத்தை எல்லோரும் மறந்து, பழியைப் பூச்சி மேல் போடுகிறார்கள்.

நோயும் உண்டு

இவையெல்லாம் சரியாக இருந்தும் வாடினால் நோயைத் தேடலாம். தென்னையின் அடிப்பக்கத்தில் செம்பழுப்புச் சாறு வடிந்து, அடி மட்டைகள் தொங்கினால் அது தஞ்சாவூர் வாடல் நோயாக இருக்கலாம். 1952-ல் தஞ்சைப் பகுதியில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். ஆண்டுக்கு மரத்துக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இட வேண்டும் என்பது வேளாண் துறையினர் சொல்லும் வழிகளில் ஒன்று. மாமரத்தில் துளையும் மரத்தூளும் தெரிந்தால் தண்டு துளைப்பான்.

வேம்பின் கதை வேறு. மழைக்காலத்துக்குப் பின் கிளை நுனியெல்லாம் கருகி நிற்கும் வேம்பைப் பார்த்து அம்மன் கோபம் என்று நடுங்குகிறார்கள். அது நுனிக்கருகல் என்னும் பூஞ்சாண நோய்; 1990-களில் மைசூரில் ஆராயப்பட்டது. பெரும்பாலான மரங்கள் கோடைத் தொடக்கத்தில் மறுபடி துளிர்க்கின்றன. நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. அதை வெட்டுவது கொலை.

சட்டமும் அதையே சொல்கிறது. 1976-ம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி, விலக்கு அளிக்கப்பட்ட சில வகைகளைத் தவிர, சொந்த மனையில் உள்ள மரத்தை வெட்டவும் மர அதிகாரியின் அனுமதி வேண்டும்.

செய்ய வேண்டியது

1980-களில் வனத்துறை அதிகாரி நெகின்ஹால் தலைமையில் இந்நகரில் 15 லட்சம் மரங்கள் நடப்பட்டன. கன்று கொடுப்பதோடு நில்லாமல் வேலியும் கவனிப்பும் கொடுத்ததால் அவை நின்றன. இன்று கன்று வழங்கும் விழாக்களுக்குக் குறைவில்லை. வாடும் மரத்தை வந்து பார்த்துச் சொல்ல வார்டுக்கு ஒரு தோட்டக்கலை ஊழியரை மாநகராட்சி நியமித்தால் அந்த விழாக்களுக்குப் பொருள் இருக்கும். பள்ளம் தோண்டும் காண்டிராக்டர்கள் வேருக்கு விலகித் தோண்டவும் உத்தரவிட வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர் டைல்ஸை உடைக்க முடியாது. வீட்டுக்காரரிடம் மரத்தைச் சுற்றி மூன்றடி மண் கேட்கலாம். வீட்டுக்காரரும் மறுக்க வேண்டியதில்லை. பங்குனி வெயிலில் அந்த நிழல் இருவருக்கும் பொதுவானது.