வீக்கம் வடிஞ்சிருச்சாம்!

காலில் வீக்கம் குறைந்துவிட்டது என்றால் நமக்கு என்ன புரிகிறது? கால் பழையபடி ஆகிவிட்டது, செருப்பு மாட்டலாம். இதே நினைப்பில்தான் 'பணவீக்கம் குறைந்துவிட்டது' என்று மேடையில் ஒரு தலைவர் சொல்லும்போது கூட்டம் கை தட்டுகிறது. ஆனால் இந்த வீக்கம் குறைந்தால் விலை இறங்கியதாக அர்த்தம் இல்லைங்க. ஏறுகிற வேகம் கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

100 ரூபாய்க்கு வாங்கிய மளிகை ஒரு வருடத்தில் 10 சதவீதம் ஏறி 110 ஆகிறது. மறுவருடம் 5 சதவீதம் ஏறி 115 ரூபாய் 50 பைசா. 'பணவீக்கத்தைப் பாதியாகக் குறைத்தோம்' என்று போஸ்டர் அடிக்கலாம். ஒரு எழுத்துகூட பொய்யில்லை! ஆனால் கடையில் நிற்பவர் பதினைந்தரை ரூபாய் கூடுதலாகத்தான் கொடுக்கிறார்.

இன்னொரு கூத்தும் உண்டு. 2009 ஜூனில் இந்தியாவின் மொத்தவிலைப் பணவீக்கம் பூஜ்ஜியத்துக்கும் கீழே, மைனஸ் 1.61 சதவீதத்துக்குப் போனது. முந்தைய வருடம் கச்சா எண்ணெய் தாறுமாறாக ஏறியிருந்ததால், அதோடு ஒப்பிட்டபோது வந்த இறக்கம் அது. அதே சமயத்தில் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீடு 8 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. பருப்பு, சர்க்கரை வாங்கியவர்களுக்குத் தெரியும். மொத்தவிலைக் குறியீட்டில் வீட்டு வாடகை, ஸ்கூல் ஃபீஸ், டாக்டர் ஃபீஸ் எதுவுமே கிடையாது. ஆளுங்கட்சிக்கு ஒரு குறியீடு, எதிர்க்கட்சிக்கு ஒரு குறியீடு, ரெண்டு பேரும் சொல்வது வெறும் 'பணவீக்கம்'. (ஆட்சி மாறினால் குறியீட்டையும் மாற்றிக்கொள்வார்கள்.)

வார்த்தைக்கு இவ்வளவு சண்டையா என்று கேட்காதீர்கள். மத்திய அரசு ஊழியருக்கு அகவிலைப்படி உண்டு. குறியீடு ஏறினால் அதுவும் ஏறும். சித்தாள் வேலைக்குப் போகிறவருக்கு அப்படி ஒன்றும் தானாக ஏறாது, மேஸ்திரியிடம் வாய் திறந்து கேட்டால்தான் உண்டு. 'அதான் விலைவாசி குறைஞ்சிருச்சுன்னு டிவில சொல்றாங்களே' என்று மேஸ்திரி சொல்லிவிட்டால் அவர் என்ன பதில் சொல்வார்?

அடுத்த கூட்டத்தில் 'தலைவரே, மொத்தவிலையா சில்லறை விலையா? துவரம்பருப்பு கிலோ என்ன விலை?' என்று யாராவது எழுந்து கேட்கணும். நான் கேட்டால் தூக்கி வெளியே போடுவார்கள், அது வேற விஷயம் :-)