தமிழ் பார்க்க மாதக் கட்டணமா?

பேரவை நண்பர்களே, ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். உங்கள் பாட்டி வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்புறம் எத்தனை கம்பிகள் செருகப்பட்டிருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. 2019ஆம் ஆண்டு விடுமுறைக்குத் தெமியாங் போனபோது பாட்டி வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஐயா, டிவி கெட்டுப் போச்சு. ஒரே மணலா வருது. நீ பல்கலைக்கழகத்துல படிக்கிறவந்தானே, கொஞ்சம் பாரு."

பெட்டி கெடவில்லை. அவ்வாண்டில் நம் நாடு பழைய அனலாக் ஒளிபரப்பைக் கட்டங்கட்டமாக நிறுத்திவிட்டு, இலக்கவியல் ஒளிபரப்புக்கு முழுமையாக மாறியது. லங்காவியில் ஜூலை மாதம் தொடங்கிய அந்த வேலை அக்டோபர் இறுதிக்குள் நாடெங்கும் முடிந்துவிட்டது. பாட்டிக்கு இதை யாரும் விளக்கிச் சொல்லவில்லை. நான் உட்பட. நாட்டின் அலைவரிசைக் கொள்கை பற்றித் தேர்வில் இரண்டு பக்கம் எழுதியவன் நான்!

பாட்டி இந்தத் தெமியாங்கில் பிறந்தவர் அல்லர். லாபு, சிலியாவ், ராசா வட்டாரத் தோட்டங்களிலிருந்து சிரம்பானை நோக்கி வந்த எத்தனையோ குடும்பங்களைப் போல, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தபோது மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தவர். தோட்டத்தில் அவர் முதன்முதலில் தொலைக்காட்சி பார்த்தது கிராணி வீட்டுச் சன்னலுக்கு வெளியே நின்றுதான். பிறகு மண்டபத்தில் ஒரு பெட்டி வந்தது. கால் முளைத்த, இழுத்து மூடும் கதவு வைத்த கறுப்பு வெள்ளைப் பெட்டி. தமிழ்ப்படம் போடும் நாளில் லயத்துச் சனம் முழுவதும் பாயோடு வந்துவிடும். தோட்டத்து இயந்திரம் மின்சாரத்தை நிறுத்தும் நேரம் வந்துவிட்டால் படம் முடிந்திருந்தாலும் சரி, முடியாவிட்டாலும் சரி, இருட்டுத்தான். கதாநாயகன் உயிரோடு இருந்தானா என்பதை மறுநாள் வெட்டுக்குப் போகும்போது ஆளுக்கொரு விதமாகச் சொல்லி முடித்துக்கொள்வார்களாம்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. நம் நாட்டில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கியது. 1969இல் இரண்டாவது அலைவரிசை வந்தது. பெட்டி வைத்திருந்தவர்கள் ஆண்டுக்கு 24 ரிங்கிட் உரிமக் கட்டணம் கட்டினார்கள். மாதத்திற்கு இரண்டு வெள்ளி! அந்தக் கட்டணமும் 2000இல் எடுக்கப்பட்டது. ஆக, தோட்டப்புறத்துக் குடும்பம் தொலைக்காட்சியில் தமிழ் கேட்பதற்காகப் பெரிய செலவு செய்ததில்லை. கிடைத்தது கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் எல்லாருக்கும் கிடைத்தது.

1996இல் நிலைமை மாறியது. மியாசாட் துணைக்கோளம் விண்ணில் ஏறியது. ஆஸ்ட்ரோ வந்தது. வானவில் வந்தது, சன் டிவி வந்தது. வாரத்தில் சில மணி நேரமாக இருந்த தமிழ், காலை முதல் இரவு வரை வீட்டுக்குள் நிறைந்தது. இதை நான் குறை சொல்ல மாட்டேன். நம் இளைஞர்கள் பலருக்கு அறிவிப்பாளராக, நடிகராக, தயாரிப்பாளராகத் தமிழை வைத்தே பிழைக்க வழி பிறந்தது அதனால்தான். தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு கேபிள்காரர் இருந்தார். இவரை விட்டால் அவர் என்று போட்டியும் இருந்தது. இங்கே வீட்டுக்கு நேரடியாகத் துணைக்கோள ஒளிபரப்பு வழங்கும் தனியுரிமை ஒரே நிறுவனத்திடம் 2017 வரை இருந்தது. தோட்டத்து லயமானாலும் பெட்டாலிங் ஜெயா மாடி வீடானாலும் கூரையில் ஒரே தட்டு. ஒரு மாமா சொல்வார், வானத்திலிருந்து பார்த்தால் இந்தியர் வீட்டைத் தட்டை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்று. வேடிக்கைப் பேச்சுத்தான். ஆனால் தமிழ் வேண்டுமென்றால் தட்டு, தட்டு வேண்டுமென்றால் மாதக் கட்டணம் என்று ஆகிப்போன கதை அதில் இருக்கிறது.

பாட்டிக்குத் தாத்தாவின் சொக்சோ பணமும், பிள்ளைகள் கொடுப்பதும்தான் வருமானம். தட்டுக்கு மாதம் நூறு வெள்ளிக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. மருந்துச் செலவு கூடியபோது அவரே அதை நிறுத்திவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. "மழ பேஞ்சா எப்படியும் தெரியறதில்லையே" என்று தனக்குத்தானே காரணமும் சொல்லிக்கொண்டார். (அவர் சொன்ன காரணம் அறிவியல்படி சரியே. துணைக்கோளத்திலிருந்து வரும் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். நம் ஊர்ப் பெருமழை அதை வழியிலேயே விழுங்கிவிடும். தரைக் கோபுரத்திலிருந்து வரும் தொலைக்காட்சி அலை அரை மீட்டர் நீளம். மழையை அது பொருட்படுத்தாது.) தட்டும் போய், பிறகு அனலாக்கும் போனபின் அவர் வீட்டில் பல வாரங்கள் தமிழ்ச் சத்தமே இல்லை.

சரி, மாற்று வழிகள் என்னென்ன? நான் முட்டி மோதிக் கற்றதைச் சொல்கிறேன்.

முதல் வழி மைஃப்ரீவியூ. 2017இல் தொடங்கப்பட்ட இலவச இலக்கவியல் ஒளிபரப்பு. மாதக் கட்டணம் கிடையாது. அரசாங்க உதவித்தொகை பெற்ற குடும்பங்களுக்கு டிகோடர் பெட்டியையே இலவசமாகக் கொடுத்தார்கள். பாட்டிக்கும் கிடைத்திருந்தது. எங்கே? சாமி அலமாரிக்குக் கீழே, உறை பிரிக்காமல்! யாரோ கொடுத்தார்கள், வாங்கி வைத்தேன் என்றார். எத்தனை வீடுகளில் இப்படிப் பெட்டிகள் தூங்குகின்றனவோ.

பெட்டியைச் செருகினேன். ஒன்றும் வரவில்லை. கூரையில் இருந்தது நீளக்கம்பிகள் கொண்ட பழைய விஎச்எஃப் ஏரியல். இலக்கவியல் ஒளிபரப்புக்கு யூஎச்எஃப் ஏரியல் வேண்டும். குட்டைக் குட்டைக் கம்பிகள் வரிசையாக நிற்குமே, அது. சிரம்பானில் ஒரு மின்பொருள் கடையில் வாங்கி வந்து, பக்கத்து வீட்டு அண்ணனிடம் ஏணி இரவல் கேட்டு ஏறினேன். அதிலும் ஒரு பாடம். பழைய ஒளிபரப்பில் அலை குறைந்தால் படம் மங்கும், ஆனாலும் முகம் தெரியும், குரல் கேட்கும். இலக்கவியலில் அந்தத் தயவு இல்லை. வந்தால் கண்ணாடி போல் வரும். கொஞ்சம் குறைந்தால் கட்டங்கட்டமாக உறைந்து நின்றுவிடும். தெமியாங்கில் குன்றும் மேடும் அதிகம். தெலாபாக் புரோக் மலையுச்சிக் கோபுரம் ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரிகிறதே என்று அதை நோக்கித் திருப்பினேன். பலிக்கவில்லை. கடைசியில், எதிர்வரிசை வீடுகளின் ஏரியல்கள் எந்தத் திசையைப் பார்க்கின்றனவோ அந்தத் திசைக்குத் திருப்பி, துத்தநாகத் தகரத்தை விட்டு ஒரு முழம் உயர்த்திக் கட்டியபின் வந்தது. நான்கு ஆண்டு படித்த படிப்பைவிட அண்டை வீட்டுக் கூரை அன்று அதிகம் உதவியது. பாட்டியின் பெட்டி பழைய கனத்த பெட்டி. அதற்கு மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைக் கம்பியே போதும். உங்கள் வீட்டில் புதிய பெட்டி இருந்தால், டிவிபி-டி2 என்று பின்னால் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால் டிகோடரே தேவையில்லை, ஏரியல் கம்பியை நேரே செருகி அலைவரிசைகளைத் தேட விட்டால் போதும்.

இதில் தமிழ் எவ்வளவு? நேர்மையாகச் சொல்ல வேண்டும். டிவி2இல் தமிழ்ச் செய்தி, நாடகம், படம். பெர்னாமா தொலைக்காட்சியில் தமிழ்ச் செய்தி. மின்னல் பண்பலையும் அதே பெட்டியில் கேட்கும். அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் மலாயும் ஆங்கிலமும் சீனமும்.

இரண்டாவது வழி என்ஜோய். 2011 இறுதியில் அரசாங்க ஆதரவோடு ஆஸ்ட்ரோ கொண்டுவந்தது. தட்டும் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் போதும், மாதச் சந்தா இல்லை. வானவிலும் அந்த இலவசப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கூடுதல் அலைவரிசை வேண்டுவோர் முன்பணம் கட்டிச் சில நாட்களுக்கு மட்டும் வாங்கிக்கொள்ளலாம். பழைய தட்டு கூரையில் சும்மா கிடக்கும் வீடுகளுக்கு இது நல்ல வழி. மழை மட்டும் பழைய மழையேதான்.

மூன்றாவது இணையம். ஆர்டிஎம் கிளிக் வழியாக டிவி2, மின்னல் இரண்டும் நேரலையாக, இலவசமாக வரும். தமிழ்நாட்டின் புதிய தலைமுறை, தந்தி தொலைக்காட்சி முதலியன யூடியூபில் நேரலையாகவே ஓடுகின்றன. "அப்புறம் என்ன, கைப்பேசி இருந்தால் போதாதா?" என்று விடுதி அறை நண்பர் கேட்டார். அவருக்குப் பல்கலைக்கழக இணையம் இலவசம், அதனால் கேட்டார். சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரம் படம் பார்த்தால் ஏறக்குறைய 0.7 கிகாபைட் போகும். பாட்டி நாளுக்கு மூன்று மணி நேரம் பார்த்தால் மாதம் 63 கிகாபைட். வீட்டில் இணைய இணைப்பு இல்லாதவர் அதற்காகத் தனியே இணைப்பு எடுத்தால், நிறுத்திய சந்தா வேறு பெயரில் திரும்பி வந்த மாதிரிதான். வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்து, இணையம் ஏற்கெனவே இருந்தால் மட்டுமே இது மலிவு.

நான்காவது வழியைப் பற்றி எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன். விட்டால் பொய்யாகிவிடும். பாசார் மாலாமில் விற்கும் 'எல்லாம் வரும்' பெட்டி. என் மாமா ஒருவர் வாங்கினார். ஒருமுறை பணம் கட்டினால் ஆயுளுக்கும் இலவசம் என்றார்களாம். யாருடைய ஆயுள் என்று மாமா கேட்கவில்லை. எட்டு மாதத்தில் திரை கறுத்தது, விற்றவரையும் காணோம். 2022இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டப்படி இத்தகைய திருட்டு ஒளிபரப்புக்கான கருவியையோ சேவையையோ விற்பவருக்கு 10,000 முதல் 200,000 ரிங்கிட் வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை. சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நம் உள்ளூர்த் தமிழ் நாடகத்துக்கு ஏற்கெனவே வருமானம் குறைவு. அதையும் திருடிப் பார்த்துவிட்டு, "நம் படைப்பாளிகளுக்கு வாய்ப்பே இல்லை" என்று பேரவை மேடையில் முழங்குவது நமக்கு அழகா?

இந்த நான்கையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். மலிவான வழி இல்லாமல் இல்லை. மலிவான வழியில் தமிழ் இல்லை. 2020 கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் இந்தியர் ஏறத்தாழ 20 இலட்சம் பேர். இலவசத் தொலைக்காட்சியில் நமக்கு இருப்பது டிவி2இல் பங்கிட்டுக் கொடுக்கப்பட்ட நேரம். அக்கரையில் சிங்கப்பூரில் இந்தியக் குடியிருப்பாளர் நான்கு இலட்சம்கூட இல்லை. அங்கே 2008 அக்டோபர் முதல் வசந்தம் தனி அலைவரிசையாக, இலவசமாக ஓடுகிறது. தமிழ்நாட்டில் 2011இல் அரசு கேபிளை 70 ரூபாய் மாதக் கட்டணத்தில் கொடுத்தார்கள். அதன் அரசியலை விடுங்கள், ஏழை வீட்டுத் தொலைக்காட்சி அரசாங்கம் கவனிக்க வேண்டிய விஷயம் என்று ஒத்துக்கொண்டார்களே.

அனலாக் காலத்தில் "அலைவரிசை போதாது" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளலாம். ஓர் அலைவெண்ணில் ஒரே நிகழ்ச்சிதான் போகும். இலக்கவியலில் அதே இடத்தில் பல அலைவரிசைகளை அடுக்கலாம். மாற்றத்தின் முக்கியக் காரணமே அதுதான். அப்படியானால் ஆர்டிஎம் தமிழுக்கென்று ஒன்றை முழுநேரமாக ஒதுக்கக் கேட்பதில் என்ன தவறு? நிகழ்ச்சி எங்கே என்பார்கள். ஆர்டிஎம் பெட்டகத்தில் பல்லாண்டு காலத் தமிழ் நாடகங்களும் இசை நிகழ்ச்சிகளும் இருக்குமே, அவற்றைத் தூசி தட்டினாலே ஒரு வருடம் ஓட்டலாம். மறு ஒளிபரப்புக்கு நம் பாட்டிகள் முகம் சுளிக்க மாட்டார்கள். மாணவர் குறும்படங்கள், பேச்சுப் போட்டிகள், நம் பேரவையின் நாடக இரவுகள் எல்லாம் இருக்கின்றன.

இது பாட்டிகளின் பொழுதுபோக்குப் பிரச்சினை மட்டும் என்று நினைப்பவர்களுக்கு 2020 மார்ச் 18ஆம் நாளை நினைவூட்டுகிறேன். நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய நாள். எது திறந்திருக்கும், எத்தனை பேர் வெளியே போகலாம், மருந்து வாங்க யாரிடம் அனுமதி பெற வேண்டும் என்று நாளுக்கொரு விதி வந்தது. எங்கள் வரிசையில் பாட்டி வீட்டில்தான் அதைத் தமிழில் கேட்க முடிந்தது. செய்தி முடிந்ததும் வேலி ஓரம் நின்று அடுத்த வீட்டு அக்காவிடம் அவர் ஒப்பிப்பார். அந்த அக்கா அதற்கடுத்த வீட்டுக்கு.

ஆகவே பேரவைக்கு என் கோரிக்கை இரண்டு. முழுநேர இலவசத் தமிழ் அலைவரிசை கேட்டுத் தகவல் தொடர்பு அமைச்சுக்கு ஒரு மனு தயாராகட்டும், மற்றப் பல்கலைக்கழகங்களின் தமிழ் அமைப்புகளும் அதில் ஒப்பமிடட்டும். மனு நகரும் வேகம் நமக்குத் தெரியும். அதுவரை, தோட்டப்புறங்களுக்கு நன்னெறி முகாம் நடத்தப் போகும்போது பையில் ஒரு திருப்புளியும் பத்து மீட்டர் ஏரியல் கம்பியும் எடுத்துப் போகலாம். தன்முனைப்பு உரையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் அதற்கு நேரம் கிடைக்கும்.

தெமியாங்கில் இன்னும் மூன்று வீடுகள் என்னிடம் சொல்லி வைத்திருக்கின்றன. தீபாவளி விடுமுறைக்குப் போகும்போது செய்ய வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணன் ஏணியைக் கழுவி வைத்துவிட்டதாகப் பாட்டி நேற்றுத் தொலைபேசியில் சொன்னார். அதற்கு மேல் பேச அவருக்கு நேரமில்லை. செய்தி தொடங்கிவிட்டதாம்.