சிங்கம் யாருடைய சொத்து?

பரவை முனியம்மா 2003இல் 'தூள்' படத்தில் பேரனின் நடைக்குச் சிங்கத்தை உவமை சொல்லிப் பாடியதிலிருந்து, எங்கள் ஊர்க் கல்யாண வீடுகளில் அப்பாட்டு ஒலிக்காத நாளில்லை. நன்னூல் நடத்தும் நாமோ 'அரிமா நோக்கு' என்று கரும்பலகையில் எழுதி, முன்னும் பின்னும் நோக்கும் விலங்கு அது என்று விளக்கிவிட்டு அடுத்த நூற்பாவுக்குப் போய்விடுகிறோம். மதுரைச் சுவரொட்டிகளில் சிங்கமாகாத வட்டச் செயலாளர் உண்டா? அந்த விலங்கு எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்பாரைத்தான் காணோம்.

ஆசியச் சிங்கம் காட்டுவிலங்காக எஞ்சியிருப்பது உலகிலேயே குஜராத்தின் சௌராஷ்டிரத்தில் மட்டும். 2025 கணக்கெடுப்பில் 891. அழிவின் விளிம்பிலிருந்து மீட்ட பெருமை குஜராத்துக்கு உண்டு; மறுக்கவில்லை. ஆனால் அத்தனையும் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் தப்பிய சிறு கூட்டமொன்றின் வழிவந்தவை. மரபணு வேறுபாடு குறைந்த இக்கூட்டத்தில் கொள்ளைநோய் புகுந்தால் என்னவாகும் என்பது வெறும் ஊகமன்று. 1994இல் செரங்கெட்டிச் சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை நாய்களின் டிஸ்டம்பர் வைரஸ் கொன்றது. 2018 செப்டம்பரில் கிர் காட்டின் தல்கானியா சரகத்தில் 23 சிங்கங்கள் மாண்டன. சிலவற்றில் அதே வைரஸ் கண்டறியப்பட்டது. அவ்வளவு தூரம் போவானேன்? 2021 ஜூனில் நம் வண்டலூர்ப் பூங்காவிலேயே கொரோனா தொற்றிய இரு சிங்கங்கள் இறந்தன.

இந்த அச்சத்தால்தான் மத்தியப் பிரதேசத்தின் குனோவை இரண்டாம் இருப்பிடமாக அறிஞர்கள் தேர்ந்தனர். 2013 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், ஆறு மாதத்துக்குள் சிங்கங்களைக் குனோவுக்குக் கொண்டுசெல்லுமாறு ஆணையிட்டது. காட்டுவிலங்கு நாட்டுக்குரியது, எந்த மாநிலமும் உரிமை கொண்டாட முடியாது என்றும் சொல்லிற்று. சிங்கம் எங்கள் குடும்ப உறுப்பினர் என்று வாதிட்ட குஜராத், இன்றுவரை ஒரு சிங்கத்தையும் அனுப்பவில்லை. அதே தீர்ப்பு குனோவில் ஆப்பிரிக்கச் சிவிங்கிப்புலியை விடும் ஆணையையும் ரத்து செய்தது. பின்னர் 2020இல் அதே நீதிமன்றமே அனுமதிக்க, 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிப்புலிகள் விமானத்தில் வந்திறங்கின. கடல்கடந்து சிவிங்கிப்புலி வர வழியுண்டு. பக்கத்து மாநிலத்துக்குச் சிங்கம் போக மட்டும் வழியில்லையாம்!

பர்டா சரணாலயம் இருக்கிறதே என்பார்கள். 2025இல் அங்கே 17 சிங்கங்கள் இருந்தன, மகிழ்ச்சிதான். ஆனால் பர்டாவும் அதே சௌராஷ்டிரத்துக்குள்தான். கிர்ரில் பரவும் தொற்று அங்கே நுழைய எத்தனை நாளாகும்?

வீட்டுக்குள் பூட்டி வளர்த்த பிள்ளையைப் பெருமை என்று சொல்லித் திரியும் தகப்பனை நாம் எப்படி மதிப்போம்? குனோவில் சிங்கத்துக்கு இடம்விட 24 கிராமங்கள் பெயர்க்கப்பட்டன. பெயர்ந்தவர்களில் பெரும்பாலோர் சகரியா பழங்குடியினர். எந்தச் சிங்கத்துக்காக அவர்கள் ஊரை விட்டார்கள் என்று குஜராத் அரசு முதலில் அவர்களுக்குப் பதில் சொல்லட்டும்.