சிப்பிப் பொத்தானும் ஒரு சிற்றூர் விழாவும்



உங்கள் வீட்டுப் பரணில் பாட்டனார் காலத்துப் பெட்டி ஏதேனும் இருந்தால் ஒருநாள் அதை இறக்கித் திறந்து பாருங்கள். பினாங்கிலோ சிங்கப்பூரிலோ அவர் தைத்துக்கொண்டு வந்த சட்டை ஒன்று அதில் மடித்தபடி கிடக்கக்கூடும். அதன் பொத்தானைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சியாக, சற்றே கனமாக இருந்து, வெளிச்சத்தில் திருப்பும்போது நீலமும் இளஞ்சிவப்பும் மாறிமாறி மின்னினால் அது கடற்சிப்பியை அறுத்துச் செய்த பொத்தான் என்று அறிந்துகொள்ளலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தகைய பொத்தான்களுக்காக உலகச் சந்தைக்குச் சென்ற சிப்பியில் மிகப் பெரும்பங்கு ஒரேயொரு சிற்றூரின் கரையில் இறங்கிற்று. புரூம் என்பது அவ்வூரின் பெயர். மேற்கு ஆஸ்திரேலியாவின் வடபகுதியில், பெர்த் நகரிலிருந்து சாலைவழியே ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் தொலைவில், செம்மண்ணும் நீலக்கடலும் சந்திக்கும் ஓர் ஓரத்தில் அது இருக்கிறது. இன்றுங்கூட அதன் மக்கள்தொகை பதினைந்தாயிரம் அளவுதான்.

இவ்வளவு தொலைவிலுள்ள ஓர் ஊரைப் பற்றி இப்பக்கத்தில் எழுதுவானேன் என்று நீங்கள் கேட்பீர்கள். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் ஆண்டுதோறும் அங்கு நடைபெறும் ஒரு விழாவே காரணம். 'ஷிஞ்சு மட்சுரி' என்று பெயர். ஜப்பானிய மொழியில் முத்துத் திருவிழா என்று பொருள். 1970-ஆம் ஆண்டில் அது தொடங்கிற்று. அதற்கு முன் அவ்வூரில் மூன்று சமூகத்தார் மூன்று விழாக்களைத் தனித்தனியே கொண்டாடி வந்தனர். ஜப்பானியர் தம் முன்னோரை நினைவுகூரும் ஓபோன். சீனரின் ஹாங் செங். மலாய் மக்களின் ஹரி மெர்டேக்கா, அதாவது 1957 ஆகஸ்ட் 31-இல் மலாயா விடுதலை பெற்ற நாள். காலத்தால் அருகருகே வந்த இம்மூன்றையும் சேர்த்து ஊர்விழா ஒன்றாக்கினர். ஊருக்கு வெளியிலிருந்து யாரும் வந்து "பன்முகப் பண்பாடு" என்று பெயர்ப்பலகை எழுதி மாட்டியதன்று. ஏற்கெனவே அவரவர் வீட்டில் இருந்ததை வீதிக்குக் கொண்டுவந்தார்கள், அவ்வளவே.

மூன்றில் நம் கவனத்தை ஈர்ப்பது மலாய் மக்களின் பங்கு. முஸ்லிம்களாகிய அவர்கள் பெருநாளை அன்றி, விடுதலை நாளை ஊர்விழாவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பெருநாளோ பிறைக் கணக்கில் ஆண்டெல்லாம் சுற்றி வருவது. ஊராரோ மழையும் புயலும் இல்லாத வறண்ட பருவத்தில் விழா வைப்பவர்கள். அதனால்தான் இப்படி அமைந்தது போலும் என்பது என் ஊகம். எதுவாயினும், தொழுகையும் பெருநாளும் தம்மோடு இருக்க, பிறரோடு கொண்டாடத்தக்கதைப் பிறர்க்குக் கொடுத்த அந்தப் பாகுபாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

விழாவின் தொடக்கத்தில் ஒரு சீன டிராகன் உறக்கத்திலிருந்து எழுப்பப்படுகிறது. அதற்குச் சாமி என்று செல்லப்பெயர். நம்மவர் காதில் அது வேறு பொருளில் விழும், விட்டுவிடுங்கள்! அலங்கார வண்டிகளின் ஊர்வலம் உண்டு. கடற்கரை மணலில் நீண்ட மேசை போட்டு, பொழுது சாயும் வேளையில் விருந்தும் உண்டு. இவற்றையெல்லாம் சுற்றுலாத் துறையினர் அழகான வண்ணப்படங்களாக அச்சிட்டுத் தருவார்கள். அதனை அவர்களிடமே விட்டுவிட்டு, இத்தனை இனத்தார் அந்த வறண்ட கரைக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதைப் பார்ப்போம். படத்தில் வராத பகுதி அதுதான்.

நம் மன்னார் வளைகுடாவில் சலாபம் விடுவதைப் பற்றிப் பெரியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கீழக்கரை, காயல்பட்டினம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தூத்துக்குடிப் பக்கத்தில் 1961-ஆம் ஆண்டோடு அது நின்றுபோயிற்று. நம் கடலின் சிப்பி சிறியது. அதில் தேடியது முத்தை. புரூமின் சிப்பியோ சாப்பாட்டுத் தட்டளவு வளர்வது; அங்குத் தேடியது சிப்பியின் ஓட்டைத்தான். முத்துக் கிடைத்தால் அது மேல்வருமானம். அப்படிக் கிடைத்த முத்தின் குறைபட்ட மேல்தோலை உரித்து உள்ளொளியை வெளிக்கொணரும் கைத்திறனுக்குப் புரூமில் பேர்பெற்றவர் டி.பி. எல்லிஸ் என்பவர், அவர் இலங்கையிலிருந்து சென்ற சிங்களவர்.

1883-இல் ஊர் அமைக்கப்படுவதற்கு முன்பே அக்கரையில் சிப்பி எடுக்கும் தொழில் தொடங்கிவிட்டது. முதலில் கடலில் இறக்கப்பட்டவர்கள் அம்மண்ணின் ஆதிக்குடிகள். பலர் பலவந்தமாகப் பிடித்து வரப்பட்டவர்கள். கருவுற்ற பெண்களுக்கு மூச்சடக்கும் திறன் மிகுதி என்று முதலாளிமார் எண்ணி, அவர்களையே தேடி இறக்கினர் என்று படிக்கும்போது கை நடுங்குகிறது. பெண்களை இறக்கலாகாது என்று 1871-இலேயே சட்டம் வந்தது. சட்டம் வந்த அன்றே கொடுமை நின்றுவிடுமா என்ன? கருவுற்ற முக்குளிப்பவள் ஒருத்தி சிப்பியை ஏந்திக் கடலிலிருந்து எழும் வெண்கலச் சிலை ஒன்று ரோபக் விரிகுடாவின் கரையில் 2010-இல்தான் நிறுவப்பட்டது.

பின்னர் ஆழம் கூடிற்று. செப்புத் தலைக்கவசமும் ஈயக் காலணியும் அணிந்து இறங்கும் முறை வந்தது; அதற்கு ஆட்கள் ஆசியாவிலிருந்து ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்டனர். ஜப்பானியர், சீனர், மணிலாக்காரர், தீமோர்த் தீவின் கூப்பாங் துறையிலிருந்து வந்தோர், சிங்கப்பூர் வழியே வந்த மலாய்க்காரர் எனப் பலர். 'மலாய்' என்று அங்குள்ள ஏடுகளில் எழுதப்பட்டவர் அனைவரும் மலாயாவைச் சேர்ந்தவர் அல்லர். ஜாவா, சுமத்திரா, மக்காசார் என்று பல தீவினரும் அந்த ஒரு சொல்லுக்குள் அடைக்கப்பட்டனர். 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏறத்தாழ 400 படகுகளும் 3,500 ஆட்களும் அத்தொழிலில் இருந்தனர். 1901-இல் ஆஸ்திரேலியா வெள்ளையர்க்கே என்னும் கொள்கையுடன் குடியேற்றத் தடைச்சட்டம் வந்தபோது நாடெங்கும் ஆசியர்க்குக் கதவடைக்கப்பட்டது. சிப்பித் தொழிலுக்கு மட்டும் விலக்களிக்கப்பட்டது. அந்தக் குறையையும் போக்க எண்ணி, 1912-இல் இங்கிலாந்திலிருந்து பயிற்சி பெற்ற வெள்ளை முக்குளிப்போரைத் தருவித்தார்கள். அவர்களில் சிலர் மாண்டனர், முயற்சி கைவிடப்பட்டது. மனிதரை விரும்பாத சட்டம், அவர்தம் உழைப்பை மட்டும் விரும்பிற்று.

படகின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். கீழே கடலடியில் முக்குளிப்பவன் பெரும்பாலும் ஜப்பானியன். மேலே காற்றுப்பம்பின் சக்கரத்தைச் சுழற்றுவோர் மலாய்க்காரரோ கூப்பாங் தீவினரோ. அவர்கள் கை ஓய்ந்தால் கீழே மூச்சு ஓயும். மைத்துனன் கையில் அல்லாது வேறெவர் கையிலும் கயிற்றைக் கொடான் நம் முக்குளிப்பவன் என்று கடற்கரை ஊர்களில் ஒரு பேச்சு உண்டல்லவா? அங்கோ மொழி தெரியாத, மதம் வேறான அயலான் கையில் உயிர்மூச்சே இருந்தது. பேசிக்கொள்ள ஒரு மொழி வேண்டியிருந்தது. மலாய்ச் சொற்களை முதலாகக் கொண்டு ஒரு கலப்பு மொழி படகிலேயே பிறந்தது.

ஆனால் கடலில் ஒன்றானவர்கள் கரையில் ஒன்றாயினர் என்று எழுதினால் அது பொய்யாகும். புயற்காலத்தில் படகுகள் யாவும் கரைக்கு இழுக்கப்படும். ஆயிரக்கணக்கான ஆண்கள் வேலையின்றி ஊரில் நிறைவர். அத்தகைய ஒரு காலத்தில், 1920 டிசம்பரில், ஜப்பானியர்க்கும் கூப்பாங் தீவினர்க்கும் மூண்ட கலகத்தில் உயிர்கள் பலியாயின. 1916-இல் திறக்கப்பட்ட 'சன் பிக்சர்ஸ்' என்னும் திறந்தவெளிப் படக்கொட்டகை புகழ்பெற்றது. அங்கும் இன்னின்ன இனத்தார்க்கு இன்னின்ன இருக்கை என்று வகுத்து வைத்திருந்தனர். கடல் பொங்கும் நாளில் தண்ணீர் கொட்டகைக்குள் வரும். அது மட்டும் இருக்கை பார்த்து வரவில்லை.

இவை எல்லாவற்றினும் குடும்பங்களை வாட்டிய சட்டம் ஒன்றுண்டு. 1905-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் இயற்றப்பட்ட அச்சட்டத்தின்படி, ஆதிக்குடிப் பெண்ணை வேற்றினத்தான் மணக்க வேண்டுமாயின் அரசின் 'பாதுகாவலர்' அனுமதி தர வேண்டும். அனுமதியின்றிச் சேர்ந்து வாழ்வது குற்றம். பெண் கேட்டு மாமனார் வீட்டுக்குப் போக வேண்டிய மனிதன் அரசு அலுவலகத்தின் வாயிலில் நிற்க வேண்டும்! மலாய் உழைப்பாளி ஒருவன் ஓர் ஆதிக்குடிப் பெண்ணோடு குடும்பம் நடத்துவது தெரிந்தால் வழக்கு, தண்டனை, ஒப்பந்தம் முறிந்து நாடு கடத்தல் என ஒன்றன்பின் ஒன்றாக வரக்கூடும். பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்துப் பாதிரிமார் நடத்திய விடுதிகளுக்கு அனுப்பினர். புரூமுக்கு வடக்கே பீகிள் பே என்னும் இடத்திலுள்ள மாதா கோவிலின் பீடம் சிப்பி ஓடுகளால் இழைக்கப்பட்டது. காண்போர் அதன் அழகை வியப்பர். அவ்விடத்தில் வளர்ந்த பிள்ளைகள் பலரின் தந்தையர் அதே சிப்பியை அள்ளியவர்கள்.

இத்தனை தடையையும் மீறிக் குடும்பங்கள் உண்டாயின என்பதுதான் புரூமின் கதை. இன்று அங்கு ஒரே வீட்டில் யவுரு இனத்துப் பாட்டி, மலாய்ப் பாட்டனார், ஜப்பானியரோ சீனரோ ஒரு சம்பந்தி என்று உறவு முறை சொல்வது புதுமையன்று. ஜிம்மி சீ என்னும் கலைஞர் அத்தகைய கலப்புக் குடும்பத்திலிருந்து வந்தவர். 1990-இல் அவர் அரங்கேற்றிய 'பிரான் நியூ டே' என்னும் இசைநாடகம் ஆஸ்திரேலியா முழுவதும் பேசப்பட்டது. 2017-இல் அவர் காலமானார். விழா ஊர்வலத்தில் இத்தகைய குடும்பங்கள் நடந்து செல்வதை நான் நினைத்துப் பார்க்கிறேன். ஒரு காலத்தில் அரசு ஏட்டில் குற்றமென எழுதப்பட்ட உறவின் பேரப்பிள்ளைகள், அரசின் வாழ்த்தோடு வீதியில் போகிறார்கள். ஆட்டமும் பாட்டும் எந்த ஊரிலும் உண்டு; இந்த ஒன்றுக்காகவே அவ்விழாவைப் பெரிதென்கிறேன்.

போர் வந்தபோது நேர்ந்ததையும் சொல்லாமல் விடலாகாது. 1941 டிசம்பரில் ஊரிலிருந்த ஜப்பானியர் அனைவரும் பிடிக்கப்பட்டுக் காவல் முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். 1942 மார்ச் 3-ஆம் நாள் ஜப்பானியப் போர் விமானங்கள் புரூமைத் தாக்கின. ஜாவாவிலிருந்து தப்பி வந்த டச்சுக் குடும்பங்கள் விரிகுடாவில் மிதந்த விமானங்களுக்குள்ளேயே எரிந்தும் மூழ்கியும் மாண்டனர். குறைந்தது 88 பேர். அவ்விமானங்களின் எலும்புக்கூடுகள் கடல் மிகவும் உள்வாங்கும் நாட்களில் இன்றும் சேற்றில் தெரிகின்றன. இவ்வளவுக்குப் பிறகு, 1953-இல் ஜப்பானிய முக்குளிப்போர் மீண்டும் அவ்வூருக்கு வரவழைக்கப்பட்டனர். தொழிலுக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் 28 ஆண்டுகளில் விழாவுக்கு ஜப்பானியப் பெயரையே சூட்ட ஊரார் இசைந்தார்களே, அதற்குத் தொழில் காரணமன்று. அதற்குள் பிளாஸ்டிக் பொத்தான் வந்து சிப்பியின் சந்தையே சரிந்துவிட்டது. 1956-இல் வடக்கே குரி பே என்னுமிடத்தில் தொடங்கிய வளர்ப்பு முத்துப் பண்ணையே தொழிலுக்கு மறுவாழ்வு தந்தது.

ஊரின் ஜப்பானிய அடக்கத்தலத்தில் 707 கல்லறைகளில் 919 பேர் கிடக்கிறார்கள். பெரும்பாலோர் இளைஞர். ஆழத்திலிருந்து விரைந்து மேலேறுவதால் வரும் வாத நோயினால் 1914-இல் மட்டும் 33 பேர் இறந்தனர். 1908-இல் வந்த புயலில் மூழ்கியோர்க்கென ஓர் உயர்ந்த தூண் நிற்கிறது. சீனருக்கும் முஸ்லிம்களுக்கும் தனி மையவாடிகள் உண்டு. விழாவின் ஓர் இரவில் மக்கள் காகித விளக்குகளில் மறைந்த தம்மவர்க்கு ஏதேனும் எழுதிக் கடலில் மிதக்கவிடுகிறார்கள். நம் வழக்கம் அதுவன்று. நாம் கப்ரருகே நின்று துஆச் செய்வோம். ஆனால் கடலில் போய்க் கப்ரே இல்லாது போனவர்க்காக ஓர் ஊரே கரையில் வந்து நிற்பதை எந்த மார்க்கத்தாரும் புரிந்துகொள்வர்.

குறை கூறுவோரும் உண்டு. பயணிகள் கூட்டம் பெருகிற்று. விருந்து மேசைக்குச் சீட்டு வாங்க வேண்டும். உழைத்தோரின் பேரப்பிள்ளைகளுக்கே அதன் விலை கட்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது. மேலும், மூன்று ஆசிய இனத்தாரின் விழா என்று தொடங்கியதில் மண்ணின் மக்கள் எங்கே என்ற கேள்வி நெடுநாள் இருந்தது. புரூமும் சுற்றுப்புறமும் யவுரு மக்களின் பாரம்பரிய மண் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது 2006-இல்தான்.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். சிங்கப்பூரிலிருந்து ஆள் எடுத்த காலத்தில் மலாயாவுக்குச் சபர் போன நம்மவர் பலர் அத்துறைமுகத்தில் இருந்தனர். அவர்களில் எவரேனும் ஆஸ்திரேலியாவில் சிப்பி வேலைக்குப் போனதாகவோ, போன ஒருவரை அறிந்திருந்ததாகவோ உங்கள் வீட்டில் பேச்சு உண்டா? பழைய கடிதமோ, அரபுத்தமிழில் எழுதிய குறிப்போ, ஊர்ப்பெயர் எழுதிய ஒரு படமோ இருந்தால், மூலத்தை உங்களிடமே பத்திரமாக வைத்துக்கொண்டு, படி எடுத்து அனுப்புங்கள். அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த முதியவர் வீட்டில் இருக்கும்போதே வாசிக்கச் சொல்லி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சட்டைப் பொத்தானை மட்டும் அனுப்ப வேண்டாம். அது பேரப்பிள்ளைகளிடமே இருக்கட்டும்.