சாணை பிடித்தலில் சாய்வின் அவசியம்

விதை, எரு, நீர் ஆகிய மூன்றைக் குறித்தும் நம் விவசாயிகள் மிகுந்த கவலை எடுத்துக்கொள்வது யாவரும் அறிந்ததே. ஆனால், அன்றாடம் கையிலெடுக்கும் அரிவாள், கொடுவாள், கத்தி முதலிய ஆயுதங்களின் வாய் எவ்வாறு தீட்டப்பட்டிருக்கிறது என்பதில் அத்தகைய கவலை காணப்படவில்லை. "சாணை பிடித்தாயிற்றா?" என்று கேட்பார்களேயன்றி, "எந்தச் சாய்வில் பிடித்தது?" என்று கேட்பவர் அரியர். இவ்விரண்டாவது கேள்வியே முக்கியமானது என்பதும், தண்ணீர்ச் சாணை ஒன்றும் சாய்வை அளந்து பிடிக்கும் பழக்கமும் ஒவ்வொரு கிராமத்திலும் இருத்தல் வேண்டும் என்பதும் எமது அபிப்பிராயம்.

அறுவடை யந்திரங்கள் வந்துவிட்ட இக்காலத்தில் அரிவாளைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் வினவக்கூடும். மழையில் சாய்ந்த பயிரிலும், சேறு காயாத வயலிலும், யந்திரம் திரும்ப இடமில்லாத சிறு நிலங்களிலும் இன்றும் கையறுப்பு நடைபெறுகிறது. செங்கற்பட்டு ஜில்லாவின் கடலோரத்தில் சவுக்குத் தோப்பு வெட்டுவோருக்குக் கோடரியும் கொடுவாளும் வேண்டும்; மாட்டுக்குப் புல்லறுக்கும் பெண்டிர்க்கு அரிவாள் வேண்டும். மதுராந்தகம் பக்கத்துக் கரும்புக் கொல்லைகளில் நிகழ்வதையும் எண்ணிப் பாருங்கள். கூர் கெட்ட கத்தியால் வெட்டப்பட்ட கரும்பின் அடிக்கட்டை பிளந்து நார் நாராகிறது. மறுதாம்புப் பயிர் அக்கட்டையிலிருந்தே கிளம்பவேண்டும். விதைக்கரணையின் முனை பிளந்தாலோ, நோய் நுழைவதற்கு நாமே வாயில் திறந்துவிட்டவர்களாகிறோம். ஆகவே, கத்தியின் குறை அடுத்த வருஷத்து மகசூலிலும் வந்து சேரும்.

ஒரே கூர் எல்லா வேலைக்கும் ஏற்றதன்று. மாமல்லபுரத்துச் சிற்பிகளின் பட்டறையில் இது நன்கு விளங்கும். கருங்கல்லைச் செதுக்கும் உளியின் முனை தடித்தே இருக்கும். மெல்லியதாக இருப்பின் சில அடிகளிலேயே முறிந்துபோகும். பனம்பாளை சீவும் கத்தியின் வாயோ மிகவும் மெல்லியது. தடித்திருப்பின் பாளையை நசுக்கிவிடும். மெல்லிய சாய்வு எளிதில் வெட்டும், விரைவில் மழுங்கும்; தடித்த சாய்வு நெடுநாள் உழைக்கும், ஆனால் கைக்கு அதிக பலம் வேண்டும். வேலைக்குத் தக்க சாய்வைத் தேர்ந்து அதையே மாறாமல் காப்பதுதான் சாணை பிடிப்பதன் சாரம்.

சில வருஷங்களுக்கு முன் அறுவடைக்கு முந்திய நாள், இரண்டு அரிவாள்களை வழியோரத்துப் பட்டறை ஒன்றில் சாணைக்குக் கொடுத்தோம். மின்சாரத்தால் சுழலும் உலர்கல்லில் தீப்பொறி பறந்தது, வாய் பளபளத்தது, நமக்கும் திருப்தியே. மறுநாள் நண்பகலுக்குள் இரண்டும் மழுங்கின. உற்று நோக்கியபோது வாயோரம் நீலம் பாய்ந்திருந்தது. கொல்லர் தோய்ச்சல் கொடுத்து இரும்பில் ஏற்றிய உறுதியை அச்சூடு போக்கிவிட்டது. எஃகில் நீலநிறம் தோன்றுவது சுமார் 300 டிகிரி சென்டிகிரேட் சூட்டில் என்பதை நினைவிற்கொண்டால் சேதம் எவ்வளவு என்பது விளங்கும். அந்நீலம் ஏறிய பாகம் முழுவதையும் தேய்த்து நீக்கினாலன்றிக் கூர் நிலைக்காது. அன்று கூலியாட்கள் பட்ட சிரமத்துக்குத் தீப்பொறியைக் கண்டு மகிழ்ந்த நாமே பொறுப்பாளி.

150 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள உலர்கல் நிமிஷத்துக்குச் சுமார் 2,850 முறை சுழலுமாயின், அதன் விளிம்பு 1,300 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. 250 மில்லிமீட்டர் தண்ணீர்க்கல் நிமிஷத்துக்கு 90 முறை சுழலுமாயின், அதன் விளிம்பு ஓடும் தூரம் 70 மீட்டரே. இம்மந்த வேகத்தில் சூடு பிறப்பது குறைவு. பிறந்த சூட்டையும் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. வேலை மெதுவாக நடப்பதால் சாய்வைக் கவனித்துத் திருத்தவும் அவகாசம் கிடைக்கிறது.

சாய்வை அளக்கக் கணித சாஸ்திரம் கற்றிருக்க வேண்டியதில்லை. தட்டைக் கல்லில் கத்தியை வைத்து, வாயிலிருந்து முதுகுவரையுள்ள அகலத்தை அளந்துகொள்க. முதுகை அகலத்தில் கால் பங்கு உயர்த்தினால் சாய்வு சுமார் 14½ டிகிரி; மூன்றிலொரு பங்கு உயர்த்தினால் 19½ டிகிரி; ஐந்தில் இரண்டு பங்கு உயர்த்தினால் 23½ டிகிரி. காய்கறியும் மீனும் அறுக்கும் கத்திக்கு முதலாவதும், புல்லரிவாளுக்கும் கரும்புக் கத்திக்கும் இரண்டாவதும், விறகு வெட்டும் கொடுவாளுக்கு மூன்றாவதும் பொருந்தும். 30 மில்லிமீட்டர் அகலமுள்ள கரும்புக் கத்திக்கு முதுகின் கீழ் 10 மில்லிமீட்டர் மரச்சில்லு ஒன்று வைத்தால் போதும். அரிவாளின் அகலம் நுனியை நோக்கிக் குறைவதால், உயரத்தையும் அதற்கேற்பக் குறைத்தல் வேண்டும். இதை மறப்பதாலேயே பலருடைய அரிவாள் நடுவில் கூராகவும் நுனியில் மொக்கையாகவும் இருக்கிறது.

சுழலும் கல் வளைந்திருப்பதால் இவ்விதி அங்கே நேராகப் பொருந்தாது. தட்டைக் கல்லில் அளந்து பிடித்த வாயையே மாதிரியாகக் கொள்ளலாம். அவ்வாயில் மையோ விளக்குக் கரியோ பூசி, கத்தியைத் தாங்கியின்மேல் வைத்து, கல்லில் ஒரு கணம் மட்டும் படவிடுக. மை வாயோரத்தில் மட்டும் அழிந்தால் முதுகு அதிகம் உயர்ந்திருக்கிறது. உட்புறத்தில் மட்டும் அழிந்தால் மிகவும் தாழ்ந்திருக்கிறது. முழுவதும் ஒருசீராக அழிந்தால் சாய்வு சரியே. கல் தேயத் தேயச் சாய்வு மாறுமாதலால் இச்சோதனையை அடிக்கடி செய்தல் வேண்டும். ஒருபுறம் தேய்த்து, மறுபுறத்தில் மெல்லிய பிசிர் கைக்குத் தட்டுப்பட்ட பின்னரே கத்தியைத் திருப்புக. கருக்கரிவாளின் பற்களைக் கல்லில் வைக்கலாகாது, அவை அழிந்துபோம், கருக்கு வெட்டுவது கொல்லர் வேலை. தீவனம் நறுக்கும் கருவியின் தகட்டுக்குச் சாய்ந்த பக்கத்தில் மட்டுமே சாணை. தட்டையான பக்கத்தில் பிசிரை நீக்கினால் போதும். வேலை முடிந்ததும் தண்ணீரை வடித்துவிடுக. உப்புக்காற்று வீசும் ஊர்களில் கத்தியைத் துடைத்து எண்ணெய் தடவி வைத்தல் அவசியம்.

அளவுகோல் எதற்கு, கைப்பழக்கம் போதாதா என்று பெரியோர் கேட்கலாம். தேர்ந்த கொல்லரின் கைக்கு அளவு வேண்டியதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் உலைக்களங்கள் பல கிராமங்களில் மூடப்பட்டுவிட்டன. அக்கைகளோடு பழக்கமும் மறைகிறது. அளவாகக் குறித்து வைத்த அறிவே அடுத்தவர் கைக்கு மாறக்கூடியது. மாமல்லபுரத்தில் 1957-ஆம் வருஷம் அரசாங்கத்தார் சிற்பப் பயிற்சிப் பள்ளி தொடங்கினர். இன்று அது கல்லூரியாக விளங்குகிறது. பரம்பரையாக வந்த கைத்தொழிலையும் முறையாகக் கற்பிக்கலாம் என்பதற்கு அதுவே சான்று. கூர் தீட்டும் வித்தை நமக்குப் புதியதுமன்று. சாணைக்கு உதவும் குருந்தக்கல்லின் பெயரை ஐரோப்பியர் நம் தமிழிலிருந்தே எடுத்துக்கொண்டனர்.

ஆகையால் ஒவ்வொரு கூட்டுறவுச் சங்கத்திலும் தாங்கியோடு கூடிய தண்ணீர்ச் சாணை ஒன்று வைக்கப்படவேண்டும். காட்டுப்பாக்கத்து வேளாண் அறிவியல் நிலையம் போன்ற ஸ்தாபனங்கள், அறுவடைக்கு முந்திய மார்கழி மாதத்தில், இளைஞருக்கும் பெண்டிர்க்கும் ஒரு நாள் பயிற்சி அளித்தல் நலம். செலவு சிறிது, பிரயோஜனம் பெரிது. அதுவரை காத்திராமல், விவசாயிகள் தங்கள் வீட்டுத் தட்டைக் கல்லையும் ஒரு மரச்சில்லையும் கொண்டு இம்முறையை இன்றே பரீட்சித்துப் பார்ப்பார்களாக. வயலில் குனிந்து அறுப்பவரின் மணிக்கட்டு அதன் பயனை முதலில் அறியும்.