குறத்திக்கு ஓர் இடம்

மார்கழிக் குளிரில் கொடைக்கானலுக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள். சித்திரை வெயிலுக்கு அஞ்சி மலை ஏறுவோர் உண்டு. விறைத்துப் போவதற்கென்றே ஏறுவோரும் உண்டோ? ஆயினும் என்னுடன் பணியாற்றும் கிறிஸ்தவ உபாத்தியாயர் ஒருவர், "கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்க் கோயிலில் பாட்டு ஆராதனை, அவசியம் வர வேண்டும்" என்று அன்புடன் அழைத்திருந்தார். சென்ற டிசம்பரில் போய் வந்தேன்.

கிறிஸ்து பிறந்த தினத்துக்கு முந்திய நான்கு ஞாயிறுகளையும் உள்ளடக்கிய நாட்களைத் திருவருகைக் காலம் என்கிறார்கள். பண்டிகைக்கு முந்திய இந்த நாட்கள் காத்திருப்பதற்கென்றே ஏற்பட்டவை. வரப் போகிறவரை நினைந்து, வருமுன்னரே துதி பாடுவது இக்காலத்தின் தர்மம். மார்கழி விடியலில் பாடியே இறைவனைத் துயிலெழுப்பும் நம் நாட்டாருக்கு இது புதிதன்று.

வர வேண்டிய தலைவனுக்காக ஏங்குவதைச் சொல்லத் தமிழில் ஓர் அழகிய நாடக வகையே உண்டு. குறவஞ்சியைத்தான் சொல்கிறேன். உலா வந்த தலைவனைக் கண்டு தலைவி மையல் கொள்கிறாள். உணவும் உறக்கமும் இன்றி வாடுகிறாள். அப்போது மலையிலிருந்து குறத்தி வருகிறாள். தன் மலையின் வளத்தைப் பெருமையோடு பாடுகிறாள். தலைவியின் கையைப் பிடித்து ரேகை பார்த்து, "அவன் வருவான், அம்மே!" என்று குறி சொல்கிறாள். குற்றாலநாதர் மேல் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குறவஞ்சியை அறியாத தமிழர் யார்?

அந்த வடிவத்தை எடுத்துக் கிறிஸ்து நாதருக்குச் சூட்டியவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). திருநெல்வேலியில் பிறந்து, ஸ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் தஞ்சையில் வளர்ந்து, சரபோஜி மன்னரின் ஆதரவைப் பெற்ற கவி அவர். ஏறக்குறைய 1800-இல் அவர் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சியில், பெத்லகேம் நாதரே தலைவன்; திருச்சபையே அவருக்காக ஏங்கும் தலைவி. திருவருகைக் காலத்தின் பொருளை இதைவிடத் தமிழாகச் சொல்ல முடியுமா?

இம்மலைக்கும் அவர் பாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. வெயிலும் காய்ச்சலும் தாங்காமல், 1845-இல் பழனி மலைமேல் கொடைக்கானலில் முதன்முதல் வீடு கட்டியவர்கள் மதுரை அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள். அதே மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் என்பவர்தாம் 1853-இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் திரட்டி, சபையார் பாடுவதற்கென்று புத்தகமாக வெளியிட்டார். சாஸ்திரியாரின் பாடல்கள் அதில் இடம் பெற்றன. அன்னிய மெட்டில் துதித்துக்கொண்டிருந்த நாவுகள் தங்கள் சொந்த ராகத்தில் துதிக்கத் தொடங்கின. தேசாபிமானி எவரும் மகிழத்தக்க செய்தி இது.

மகிழ்ச்சியோடு நிறுத்திவிட எனக்கும் ஆசைதான். ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1820-களில் புதிதாய் வந்த பாதிரிமார் சிலர், கோயிலுக்குள் சாதி வேற்றுமை கூடாது, எல்லாரும் ஒன்றாக அமர வேண்டும் என்றனர். தமிழ்ப் பாட்டையும் பூவையும் விலக்கவும் முயன்றனர். பாட்டுக்காகவும் பூவுக்காகவும் போராடிய சாஸ்திரியார், சாதி வழக்கத்துக்காகவும் போராடினார். அதற்கென்று நூலே எழுதினார். குறத்தியின் கையில் தலைவியின் கையை வைத்துப் பாடிய அதே கவி!

அவரைக் குறை கூற எனக்கு என்ன யோக்கியதை? அந்த ஞாயிறு மாலை நடந்ததைக் கேளுங்கள்.

கோயில் நிறைந்திருந்தது. ஹார்மோனியமும் டோலக்கும் முழங்க, சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்றைச் சிறுவர் முதல் கிழவர் வரை பாடினார்கள். எனக்கு மெய் சிலிர்த்தது. தற்செயலாக வாசற்பக்கம் திரும்பினேன். கிழிந்த கம்பளியைப் போர்த்து, ஒரு மலைசாதிக் கிழவி பனியில் நின்றுகொண்டிருந்தாள். காலையில் நண்பர் வீட்டுக்கு மலைப்பூண்டு கொண்டுவந்து விற்றவள் அவளே. கீர்த்தனையின் ஒவ்வொரு அடிக்கும் அவள் உதடு அசைந்தது. பாட்டு அவளுக்கு மனப்பாடம்.

என் பெஞ்சியில் ஒருவர் அமரத்தக்க இடம் இருந்தது. அவளை எவரும் "வராதே" என்று சொல்லவில்லை. "வா" என்றும் எவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. 'நாம் விருந்தாளிதானே, நமக்கென்ன?' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த பாட்டு முடிந்து திரும்பியபோது வாசலில் பனிதான் இருந்தது.

நேயர்களே, தலைவன் வருவான் என்று முதலில் அறிந்தவள் குறத்தி. சுவிசேஷக் கதையிலும் அந்தச் செய்தி இராக் காவல் காத்த ஆட்டிடையருக்குத்தான் முதலில் கிடைத்தது. அவர்களை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே நாம் எத்தனை ராகத்தில் துதித்தால்தான் என்ன? கவியின் சாதியைவிட அவர் பாட்டு பெரியது. அதைப் பாடுகிற நாமும் சற்றே நகர்ந்து உட்காரக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இந்த வருஷமும் நண்பர் அழைத்திருக்கிறார். போகப் போகிறேன். பெஞ்சியில் அல்ல, முதலில் வாசற்படியில் நிற்பதாக உத்தேசம்.